மூச்சாக வெளியேறும் கொழுப்பு

ஒருவர் பத்துக் கிலோ இளைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்துக் கிலோ கொழுப்பு எங்கே போனது? வியர்வையில் வழிந்ததா? மலத்தோடு கழிந்ததா? தசையாக மாறியதா? ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் இருவரும் இந்தக் கேள்வியை 150 மருத்துவர்கள், உணவியல் வல்லுநர்கள், உடற்பயிற்சியாளர்களிடம் கேட்டார்கள். கொழுப்பு ஆற்றலாகவும் வெப்பமாகவும் மாறிவிடுகிறது என்பதே பெரும்பாலோரின் பதில். அது தவறு. கொழுப்பு எரியும்போது ஆற்றல் வெளிப்படுவது உண்மைதான். ஆனால் அதில் இருந்த அணுக்கள் ஒன்றுகூட அழிவதில்லை. அவை எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும்.

2014 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இருவரும் கணக்கை வெளியிட்டார்கள். பத்துக் கிலோ கொழுப்பில் 8.4 கிலோ, கார்பன் டை ஆக்சைடாக மூச்சுவழி வெளியேறுகிறது. மீதி 1.6 கிலோ நீராகி, சிறுநீரிலும் வியர்வையிலும் மூச்சின் ஈரத்திலும் போய்விடுகிறது. கொழுப்பை உடலைவிட்டு வெளியேற்றும் முதன்மை உறுப்பு நுரையீரல்!

இந்த ஓர் உண்மை கையில் இருந்தால் போதும். "ஏழு நாளில் ஐந்து கிலோ", "தொப்பையைக் கரைக்கும் அற்புத பானம்" என்று கைப்பேசியில் வந்து விழும் எல்லா விளம்பரங்களையும் நாமே உரசிப் பார்க்கலாம். கொழுப்பைக் கரைப்பதாகச் சொல்லும் எந்தப் பானமும், அதைக் குடிப்பவரைக் கூடுதலாகக் கார்பன் டை ஆக்சைடு வெளியிடவைக்க வேண்டும். அல்லது அவர் சாப்பிடும் கார்பனைக் குறைக்க வேண்டும். மூன்றாவது வழி இல்லை.

ஒரு மூச்சின் எடை

நம் உடலில் சேரும் கொழுப்புக்கு டிரைகிளிசரைடு என்று பெயர். கிளிசரால் என்ற சிறு மூலக்கூறோடு மூன்று நீண்ட கொழுப்பமிலச் சங்கிலிகள் இணைந்தால் டிரைகிளிசரைடு. சராசரியாக ஒன்றில் 55 கார்பன், 104 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன் அணுக்கள் இருக்கும். அதை முழுதாக எரிக்க 78 ஆக்சிஜன் மூலக்கூறுகள் தேவை. எரிந்து முடிந்ததும் 55 கார்பன் டை ஆக்சைடும் 52 நீர் மூலக்கூறுகளும் மிஞ்சும். பத்துக் கிலோவுக்கு இதைப் பெருக்கினால் கணக்கு கச்சிதமாக வருகிறது: 29 கிலோ ஆக்சிஜன் உள்ளே போகிறது, 28 கிலோ கார்பன் டை ஆக்சைடும் 11 கிலோ நீரும் வெளியே வருகின்றன. இந்தப் பக்கம் 39, அந்தப் பக்கம் 39.

சும்மா உட்கார்ந்திருக்கும் 70 கிலோ மனிதர் ஒரு மூச்சில் 33 மில்லிகிராம் கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுகிறார். அதில் கார்பன் மட்டும் 9 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் ஒரு நாளைக்கு 17,280 மூச்சு. எழுந்து நடமாடுவதையும் சேர்த்தால் நாளொன்றுக்கு 200 கிராம் கார்பன் மூக்கு வழியாகப் போய்விடுகிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நாம் தூங்கும்போது!

அந்தக் கார்பன் காலையில் சாப்பிட்ட இட்லியிலிருந்தும் வரலாம், இடுப்பில் சேர்ந்த கொழுப்பிலிருந்தும் வரலாம். மூச்சில் போவதைவிடக் குறைவாகச் சாப்பிட்டால்தான் உடல் தன் சேமிப்பில் கைவைக்கும். அப்படியானால் வேகவேகமாக மூச்சுவிட்டால் இளைத்துவிடலாமா? முடியாது. செல்கள் உற்பத்தி செய்வதைத்தான் நுரையீரல் வெளியேற்ற முடியும். வேலை எதுவும் செய்யாமல் மூச்சை மட்டும் வேகப்படுத்தினால் தலை சுற்றும்; கொழுப்பு அப்படியே இருக்கும். எழுந்து நடந்தால் தசைகள் கூடுதல் கார்பன் டை ஆக்சைடைத் தயாரிக்கும். மூச்சு தானாக வேகம் பிடிக்கும்.

கொழுப்புச் செல்லுக்குள்ளே

கொழுப்பைத் தேக்கிவைக்கும் செல்லை நுண்ணோக்கியில் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அகலம் கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் தடிமன். உள்ளே ஏறக்குறைய முழு இடத்தையும் ஒரே ஓர் எண்ணெய்த் துளி அடைத்திருக்கும். உட்கருவும் மற்ற பாகங்களும் விளிம்பில் நசுங்கி ஒட்டிக்கொண்டிருக்கும். துளியைச் சுற்றி பெரிலிப்பின் என்ற புரதங்கள் படர்ந்திருக்கும். கொழுப்பை உடைக்கும் நொதிகள், அதாவது உடலின் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்கள், நினைத்த நேரத்தில் துளிக்குள் புகாதபடி அவை காவல் காக்கின்றன.

இந்தச் செல்களின் வயதைக் கண்டுபிடித்த கதை இன்னும் சுவாரசியமானது. 1950களின் நடுவிலிருந்து 1963 வரை வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தன. காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறக்குறைய இரு மடங்கானது. சோதனைத் தடை ஒப்பந்தத்துக்குப் பின் ஆண்டுதோறும் குறைந்துவந்தது. அதைப் பயிர்கள் உறிஞ்சின. பயிர்களை மனிதர்கள் உண்டார்கள். ஒரு செல் பிறக்கும்போது அதன் டி.என்.ஏ.வில் சேரும் கார்பன், பிறகு மாறுவதில்லை. எனவே அதில் எவ்வளவு கார்பன்-14 இருக்கிறது என்று அளந்தால், அது பிறந்த ஆண்டு தெரிந்துவிடும். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கிர்ஸ்டி ஸ்பால்டிங் குழுவினர் இந்த உத்தியைக் கொழுப்புச் செல்களில் பயன்படுத்தினார்கள்.

2008இல் முடிவு வெளிவந்தது. ஆண்டுக்குச் சுமார் பத்து சதவீதக் கொழுப்புச் செல்கள் இறக்கின்றன. அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன. குழந்தைப் பருவத்திலும் பதின்ம வயதிலும் நிர்ணயமாகும் எண்ணிக்கை, அதன்பின் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. வெகுவாக எடை குறைத்தவர்களிடமும் செல்களின் எண்ணிக்கை குறையவில்லை. ஒவ்வொன்றும் சுருங்கியிருந்தது, அவ்வளவுதான். ஆகவே கொழுப்புச் செல்லைக் "கரைத்து வெளியேற்றும்" பானம் என்று ஒன்று இருக்க வழியில்லை. அதற்குள் இருக்கும் துளியைத்தான் சிறிதாக்க முடியும். அந்தத் துளியும் தேங்கிக் கிடப்பதல்ல. ஒரு செல்லின் பத்தாண்டு ஆயுளில் அதிலுள்ள கொழுப்பு ஆறு முறை புதிதாக மாறிவிடுகிறது என்று 2011இல் அதே நிறுவனத்து ஆய்வு காட்டியது.

துளி எப்போது திறக்கும்? இன்சுலின்தான் தீர்மானிக்கிறது. சாப்பிட்டதும் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. உணவு வந்துவிட்டது, சேமிப்பைத் தொட வேண்டாம் என்று கொழுப்புச் செல்லுக்கு அது உத்தரவிடுகிறது. பல மணி நேரம் சாப்பிடாதபோதோ உடல் உழைக்கும்போதோ இன்சுலின் தாழ்கிறது. அட்ரினலின் வகை ஹார்மோன்கள் உயர்கின்றன. காவல் தளர்கிறது. நொதிகள் துளியின் மேல் அமர்ந்து, ஒவ்வொரு சங்கிலியாகக் கழற்றுகின்றன. எண்ணெய் நீரில் கலக்காதே, இரத்தத்தில் எப்படிப் போகும்? அல்புமின் என்ற இரத்தப் புரதம் கொழுப்பமிலங்களைச் சுமந்துகொண்டு தசைக்குப் போகிறது. அங்கே மைட்டோகாண்ட்ரியா என்ற ஆற்றல் கூடங்களில், சங்கிலி இரண்டிரண்டு கார்பனாக நறுக்கப்படுகிறது. 16 கார்பன் உள்ள பால்மிடிக் அமிலம் ஏழு வெட்டில் எட்டுத் துண்டாகிறது. ஒவ்வொரு துண்டும் கடைசியில் கார்பன் டை ஆக்சைடாகி மூக்கை வந்தடைகிறது. இத்தனை படிகளில் எதையாவது எலுமிச்சைச் சாறு விரைவுபடுத்துகிறதா என்பதுதான் கேள்வி.

மூன்று நாளில் இரண்டு கிலோ: அது என்ன?

பானம் குடித்து மூன்றே நாளில் இரண்டு கிலோ குறைந்தது என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. எடை இயந்திரமும் பொய் சொல்வதில்லை. ஆனால் குறைந்தது கொழுப்பு அல்ல.

அவசரத் தேவைக்காக உடல் கொஞ்சம் சர்க்கரையைக் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்துவைக்கிறது. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைப் பிடித்துவைத்திருக்கும். சோற்றையும் டிபனையும் நிறுத்திவிட்டுப் பானத்தை மட்டும் குடித்தால், உடல் முதலில் தொடுவது இந்தச் சேமிப்பைத்தான். அரைக் கிலோ கிளைகோஜன், அதோடு ஒன்றரைக் கிலோ நீர்: மொத்தம் இரண்டு கிலோ. மறுபடி சாப்பிடத் தொடங்கிய இரண்டொரு நாளில் அந்த நீர் முழுவதும் திரும்பிவிடும்.

கொழுப்பின் கணக்கு வேறு. உடலில் படிந்த ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. சிறிய இட்லி ஒன்றுக்கு 60 கலோரி என்றால், ஏறக்குறைய 130 இட்லி. ஒரு நாளைக்கு 2,000 கலோரி செலவழிக்கும் ஒருவர் சுத்தமாகப் பட்டினி கிடந்தால்கூட, ஒரு கிலோ கொழுப்பு தீர நான்கு நாள் ஆகும். ஏழு நாளில் ஐந்து கிலோ கொழுப்பு என்பது இந்தக் கணக்கில் எங்குமே பொருந்தவில்லை.

கோப்பைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

முதலில் எலுமிச்சை, தேன், வெந்நீர். எலுமிச்சையில் இருப்பது சிட்ரிக் அமிலமும் வைட்டமின் சியும். வயிற்றில் ஏற்கெனவே சுரக்கும் அமிலம் அதைவிட வீரியமானது. எனவே எலுமிச்சை போய் அங்கே புதிதாக எதையும் கரைத்துவிடாது. ஒரு மேசைக்கரண்டித் தேனில் சுமார் 60 கலோரி, அதாவது ஓர் இட்லி. வெந்நீரில் ஒரு வேடிக்கை உண்டு. நீரால் கலோரி செலவாக வேண்டுமானால் அது சில்லென்று இருக்க வேண்டும். 5 டிகிரியில் உள்ள அரை லிட்டர் நீரை உடல் வெப்பத்துக்குக் கொண்டுவர அதிகபட்சம் 16 கலோரி ஆகும். அது கால் இட்லி! வெந்நீருக்கு அந்தச் செலவும் இல்லை. சர்க்கரை போட்ட காபிக்கோ குளிர்பானத்துக்கோ பதிலாகத் தேன் இல்லாத எலுமிச்சை நீரைக் குடித்தால் பலன் உண்டு. அந்தப் பலன் நாம் குடிக்காமல் விட்ட சர்க்கரையால் வருவது. சீரகத் தண்ணீருக்கும் சோம்புத் தண்ணீருக்கும் இதே நியாயம்தான்.

அடுத்தது கொள்ளு. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பது நம் பழமொழி. இதில் விஷயம் இருக்கிறது. 100 கிராம் கொள்ளில் 20 கிராமுக்கு மேல் புரதம், நார்ச்சத்தும் தாராளம். இரண்டும் வயிற்றை நிரப்பிப் பசியைத் தள்ளிப்போடும். ஆனால் கொள்ளை வேகவைத்து, தண்ணீரை மட்டும் வடித்துக் குடித்தால், புரதத்திலும் நாரிலும் பெரும்பகுதி பாத்திரத்திலேயே தங்கிவிடும். சுண்டலாகவோ துவையலாகவோ பருப்பாகவோ மென்று சாப்பிடுங்கள். பலன் அங்கேதான்.

மூன்றாவது, "ஸ்லிம்மிங் டீ". பாக்கெட்டைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் பலவற்றில் சென்னா என்று இருக்கும். நம் நிலாவாரைதான் அது. தென்மாவட்டங்களில் விளைந்து உலகமெங்கும் போகும் இதற்கு, மருந்துநூல்களில் திருநெல்வேலி சென்னா என்றே பெயர். மலச்சிக்கலுக்கு அருமையான மருந்து. அது வேலை செய்யும் விதம் நுட்பமானது: இலையில் உள்ள சென்னோசைடுகள் சிறுகுடலில் மாறாமல் கடந்து, பெருங்குடலை அடைகின்றன, அங்குள்ள பாக்டீரியாக்கள் அவற்றை உடைத்த பிறகுதான் பேதிப் பண்பு பிறக்கிறது. இளைக்க நினைப்பவருக்குச் சிக்கலும் அங்கேதான். உணவின் கலோரி பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். பேதி தொடங்குமுன் கலோரி உள்ளே போய்விட்டது. 1983இல் வெளியான ஓர் ஆய்வில், பேதி மருந்தால் லிட்டர் கணக்கில் நீர் வெளியேறியபோதும் கலோரி உறிஞ்சல் 12 சதவீதம் மட்டுமே குறைந்தது. போவது நீரும் பொட்டாசியமும். பொட்டாசியம் மிகவும் தாழ்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறும்.

நான்காவது, கொடம்புளி. மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைவது. மீன்குழம்புக்குத் தனிச் சுவை தருவது. "கார்சினியா" என்ற பெயரில் மாத்திரையாகவும் பானப்பொடியாகவும் விற்கிறது. 1960களில் மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலைய அறிஞர்கள் இதில் உள்ள முக்கிய அமிலம் ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம் என்று கண்டறிந்தார்கள். சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றும் ஒரு நொதியை இது தடுக்கிறது. எலிகளில் நன்றாகவே வேலை செய்தது. மனிதர்களில்? 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான சோதனையில் 135 பேர் 12 வாரம் பங்கேற்றார்கள். கொடம்புளிச் சாறு எடுத்தவர்கள் 3.2 கிலோ குறைந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்கள் 4.1 கிலோ குறைந்தார்கள்! புள்ளியியல் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். காரணம் எளிது. நம் உடற்கொழுப்பில் பெரும்பகுதி, உணவில் உள்ள எண்ணெயும் கொழுப்பும் நேராகச் சேர்ந்தது. சர்க்கரையிலிருந்து புதிதாகத் தயாராவது சிறு பங்குதான். மருந்து அடைத்தது ஆள் நடமாட்டம் குறைந்த பாதையை. இந்தச் சாற்றால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

கிரீன் டீயைக் கோப்பையில் குடிப்பதில் தீங்கில்லை. ஆனால் அதனால் குறையும் எடை மிகச் சிறியது. அதன் சாரத்தை மாத்திரையாக்கி அதிக அளவில் விழுங்குவது வேறு. அதில் உள்ள கேட்டெச்சின் என்ற பொருள்களில் முக்கியமானது நாளொன்றுக்கு 800 மில்லிகிராமைத் தொட்டால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தென்படுகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. ஆப்பிள் சிடர் வினிகர் எடையைக் குறைக்கும் என்று சொல்லிப் பெரிதும் பேசப்பட்ட ஒரு லெபனான் ஆய்வு 2024இல் வெளியானது. புள்ளிவிவரங்களில் நம்பகத்தன்மை இல்லை என்று அடுத்த ஆண்டே இதழ் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

உண்மையிலேயே கொழுப்பை எரித்த மருந்து

கொழுப்பை நிஜமாகவே எரிக்கும் பொருள் ஒன்று இருந்தது. அதன் கதையைத் தெரிந்துகொண்டால், அப்படி ஒரு பொருளுக்கு யாரும் ஆசைப்பட மாட்டார்கள்.

முதல் உலகப் போரின்போது பிரான்சின் வெடிமருந்து ஆலைத் தொழிலாளர்கள் காய்ச்சலும் வியர்வையுமாக இளைத்தார்கள். சிலர் இறந்தும் போனார்கள். காரணம் டைநைட்ரோஃபீனால், சுருக்கமாக டி.என்.பி. 1933இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாரிஸ் டெய்ன்டரும் வின்ட்சர் கட்டிங்கும் அதை எடைக்குறைப்பு மருந்தாகச் சோதித்தார்கள். எடை மளமளவென்று குறைந்தது. ஓராண்டுக்குள் சுமார் ஒரு லட்சம் பேர் அதை விழுங்கியிருந்தார்கள்.

அது என்ன செய்தது? மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில், கொழுப்பு எரியும்போது கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு புரோட்டான்கள் ஒரு பக்கமாகக் குவிக்கப்படுகின்றன. அவை திரும்பிப் பாயும்போது ஒரு நுண்சக்கரம் சுழல்கிறது. ஆம், நிஜமாகவே சுழலும் ஒரு புரதச் சக்கரம். அதன் சுழற்சியில்தான் ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு உருவாகிறது. இந்தச் சக்கரத்தின் இயக்கத்தை விளக்கியதற்காக பால் பாயரும் ஜான் வாக்கரும் 1997இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஒரு நாளில் நம் உடல் மாறி மாறித் தயாரிக்கும் ஏ.டி.பி.யின் மொத்த எடை, ஏறக்குறைய நம் சொந்த எடைக்குச் சமம்! டி.என்.பி. அந்தச் சவ்வில் புரோட்டான்களைக் கசியவைக்கிறது. சக்கரம் சுழலாமலேயே புரோட்டான்கள் பாய்கின்றன. வண்டியை நியூட்ரலில் போட்டு ஆக்சிலரேட்டரை முறுக்குவது போல, எரிபொருள் தீர்கிறது, எஞ்சின் கொதிக்கிறது, வண்டி நகர்வதில்லை. உடல் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். அதை அடக்க முறிமருந்து கிடையாது. பலருக்குக் கண்புரை வந்தது, பலர் இறந்தார்கள். 1938இல் அமெரிக்கா அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. இன்றும் இணையத்தில் ரகசியமாக வாங்கி விழுங்கி உயிரிழப்பவர்கள் உண்டு.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. சிபுட்ரமின் என்ற பசியடக்கி மருந்து, மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுவது தெரிந்ததும் 2010இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அதை விலக்கின. பிறகு இந்தியாவும் தடை செய்தது. ஆனால் "முழுவதும் மூலிகை" என்று அச்சிட்ட ஸ்லிம்மிங் காபிகளில் அது கலந்திருப்பதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்துவருகிறது. ஒரு "மூலிகை" பானம் குடித்ததும் பசி சட்டென்று அடங்கி, நெஞ்சு படபடத்து, வாய் உலர்ந்து, தூக்கம் போனால், அதை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

வயிறு எண்ணும், பானத்தை எண்ணாது

பானமாகக் குடிப்பதிலேயே ஒரு குறை இருக்கிறது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 2000இல் ஒரு சோதனை நடந்தது. 15 பேருக்கு நான்கு வாரம் தினமும் 450 கலோரி மிட்டாய் கொடுத்தார்கள். இன்னொரு நான்கு வாரம் அதே 450 கலோரியைச் சோடாவாகக் கொடுத்தார்கள். மிட்டாய் தின்ற நாட்களில், அவர்களை அறியாமலேயே மற்ற உணவு அதே அளவுக்குக் குறைந்துவிட்டது. சோடா குடித்தபோது துளியும் குறையவில்லை, எடை ஏறியது. மெல்லுவதையும் வயிற்றில் தங்குவதையும் உடல் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. விழுங்கி ஓடும் கலோரியைப் பெரும்பாலும் தவறவிட்டுவிடுகிறது. ஆரஞ்சைச் சுளையாகத் தின்பதும், சாறாகப் பிழிந்து குடிப்பதும் ஒன்றல்ல.

பானம் வென்ற சோதனையும் உண்டு. பிரிட்டனில் மைக் லீன், ராய் டெய்லர் தலைமையில் நீரிழிவு நோயாளிகளிடம் ஒரு சோதனை நடந்தது. சாப்பாட்டுக்குப் பதிலாக, எல்லாச் சத்தும் அளந்து சேர்த்த பானங்கள், நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரி, மூன்று முதல் ஐந்து மாதம். பிறகு சிறிது சிறிதாகச் சாதாரண உணவு. ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்திருந்தது. பானத்தில் மந்திரம் எதுவும் இல்லை. உணவு குறைந்தது, அவ்வளவே. மாத்திரைகளை மாற்றியமைக்க மருத்துவர்கள் கூடவே இருந்தார்கள். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் தானாக இப்படி இறங்கினால், சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்து மயங்கிவிழ நேரிடும்.

உடலின் தற்காப்பு

எடை குறைந்ததும் ஏன் பேய்ப்பசி எடுக்கிறது? 1994இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு விடையைக் கண்டுபிடித்தது. கொழுப்புச் செல்களே லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து, கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்கின்றன. செல்கள் சுருங்கினால் லெப்டின் குறைகிறது. பஞ்சம் வந்துவிட்டது என்று மூளை முடிவுகட்டிப் பசியைக் கூட்டுகிறது, செலவைக் குறைக்கிறது. மனித இனத்தைப் பஞ்சங்களிலிருந்து காப்பாற்றிய ஏற்பாடு இது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் சராசரியாக 58 கிலோ குறைத்த 14 பேரை, ஆறு ஆண்டுகள் கழித்துக் கெவின் ஹால் குழு சோதித்தது. 41 கிலோ திரும்பியிருந்தது. ஓய்வில் உடல் செலவழிக்கும் கலோரியோ, எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்கு 500 குறைவாகவே நீடித்தது. குறைத்த எடை திரும்புவது மன உறுதி இல்லாததால் அல்ல. அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

இந்தத் தற்காப்போடு மோதாமல் போவதுதான் நல்வழி. நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ அளவில் இறங்கும். போகப்போக வேகம் மட்டுப்படும். ஒவ்வொரு வேளையும் தட்டில் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் என ஏதாவது புரதம் இருக்கட்டும். சோற்றின் அளவைக் குறைத்துப் பொரியலையும் கூட்டையும் கூட்டுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது எடை தூக்கும் பயிற்சி செய்யுங்கள். பளுவும் புரதமும் சேர்ந்தால்தான் இழப்பு பெரும்பாலும் கொழுப்பிலிருந்து வரும், தசையிலிருந்து குறைவாகவே வரும்.

தூக்கமும் இதில் பங்கெடுக்கிறது. 2010இல் சிகாகோவில் நடந்த சோதனையில் பத்துப் பேர் ஒரே குறைந்த கலோரி உணவை உண்டார்கள். இரண்டு வாரம் எட்டரை மணி நேரம் படுக்கையில், இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரம். இருமுறையும் குறைந்த எடை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் நன்றாகத் தூங்கியபோது 1.4 கிலோ கொழுப்பு போயிருந்தது; தூக்கம் கெட்டபோது 0.6 கிலோதான். மீதி இழப்பு தசை முதலான கொழுப்பற்ற பகுதியில்.

எடை இயந்திரம் காட்டாதது

2004இல் லான்செட் இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வெளியானது: புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனின் ஜான் யுட்கின். உயரத்துக்கும் எடைக்குமான விகிதமான பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம்! மெலிந்து தெரியும் இந்தியருக்கும் வயிற்றுக்குள், கல்லீரலைச் சுற்றி, கொழுப்பு மறைந்திருக்கலாம். அதனால்தான் நமக்கு இடுப்புச் சுற்றளவு முக்கியம்: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எச்சரிக்கை எல்லை.

சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு நடத்தி, 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைவிட ஊக்கம் தருவது. நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேர் அதில் பங்கேற்றார்கள். அளவான உணவும் அன்றாட நடையும் மேற்கொண்டவர்களில் நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களின் எடையோ பெரிதாக மாறவே இல்லை. இயந்திரத்தின் முள் நகராமல் நின்ற காலத்திலும் உள்ளே உடல் நலம் பெற்றுக்கொண்டிருந்தது.

எனவே முள் அசையாத வாரத்தில் மனம் தளர்ந்து ஏதோ ஒரு டப்பாவை வாங்கிவிடாதீர்கள். ஒரு தையல் டேப்பை எடுத்து இடுப்பை அளந்து, தேதியோடு எழுதிவையுங்கள். இன்று மாலை அரை மணி நேரம் நடங்கள். மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் அளந்து பாருங்கள். எந்த அற்புத பானமும் கொடுக்க முடியாத நலத்தை, சென்னையில் அந்த 531 பேரில் பலர் சாதாரண உணவாலும் தங்கள் இரண்டு கால்களாலும் பெற்றார்கள். உங்களாலும் முடியும்.